எந்த ஏ?

(2025 நவம்பர் ஓட்டெடுப்புக்குச் சில நாள் முன்பு, கலிஃபோர்னியாவின் சன்னிவேலில்.)

மாமா: மாப்பிள்ளை, அந்த ஏ வரிக்கு மட்டும் ஓட்டுப் போட்டுவிடாதீர்கள். ரயிலே இன்னும் வந்து சேரவில்லையாம்.

மாப்பிள்ளை: ரயிலா? இது ஆஸ்பத்திரிக்கு மாமா. ஏழைகளின் வைத்தியச் செலவுக்கான மெடிகால் திட்டப் பணத்தை மத்திய அரசு வெட்டிவிட்டது. அதனால் விற்பனை வரியை ஏற்றலாமா என்று நம் மாவட்டமான சான்டா கிளாரா கவுன்ட்டி நவம்பர் 4 அன்று மக்களைக் கேட்கிறது. ஓட்டுக்கு விடுகிற தீர்மானத்துக்கு இங்கே மெஷர் என்று பெயர். இது மெஷர் ஏ.

மாமா: அதேதான். பார்க்கில் நடக்க வருகிற குஜராத்திக்காரர் சொன்னார். டாலருக்கு அரை சென்ட் வரி, 30 வருஷம். சான் ஹோசே டவுன்டவுனுக்கு பார்ட் என்கிற மின்சார ரயில் விடுவதாக ஓட்டு வாங்கினார்களாம். பெரியெஸ்ஸா ஸ்டேஷனோடு நிற்கிறது.

மாப்பிள்ளை: அது 2000-இல் வந்த ஏ.

மாமா: உங்கள் சிநேகிதர் ஏதோ வீடு கட்டுகிற ஏ என்றாரே?

மாப்பிள்ளை: அது 2016 ஏ. 95 கோடி டாலர் கடன் பத்திரம்.

மாமா: இந்த ஊரில் வேறு எழுத்தே இல்லையா? சரி, எவ்வளவு ஏற்றுகிறார்கள்?

மாப்பிள்ளை: நம் சன்னிவேலில் 9.125 சதவீதம், 9.75 ஆகும்.

மாமா: அரையே அரைக்கால்.

மாப்பிள்ளை: ஐந்து வருஷத்துக்கு மட்டும்தான்.

மாமா: வணிக வரித் துறையில் ரிட்டயர் ஆனவனிடம் இதைச் சொல்கிறீர்களே. இதற்கு முன்னால் இப்படி ஏதாவது வந்ததா?

மாப்பிள்ளை: 2012-இல் ஒன்று. அரைக்கால் சென்ட், பத்து வருஷத்துக்கு.

மாமா: பத்து வருஷம் ஆனதும் எடுத்துவிட்டார்களா?

மாப்பிள்ளை: 2018-லேயே ஓட்டுக்கு விட்டு நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள்.

மாமா: 2018-இல் என்ன எழுத்து?

மாப்பிள்ளை: ...ஏ.

மாமா: 2012-இல்?

மாப்பிள்ளை: விடுங்கள் மாமா.

மாமா: ஓட்டு விவரம் சொல்லி வந்திருக்கிற இந்தப் புத்தகத்தில் 'பொதுச் செலவுகளுக்கு' என்றல்லவா போட்டிருக்கிறது? ஆஸ்பத்திரி ஓர் உதாரணமாகத்தான் வருகிறது.

மாப்பிள்ளை: ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்று கவுன்ட்டி எழுதினால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். பொதுச் செலவு என்றால் பாதிக்கு ஒன்று கூட இருந்தால் போதும்.

மாமா: இதை டிராஃப்ட் பண்ணியவர் எங்கள் ஆபீஸில் இருந்திருக்க வேண்டிய ஆள். அதிருக்கட்டும், நேற்று தோசை மாவு வாங்கினேன், வரியே போடவில்லையே?

மாப்பிள்ளை: மளிகைக்கு வரி கிடையாது. சூடாகச் சமைத்து விற்றால் உண்டு.

மாமா: மாவுக்கு இல்லை, தோசைக்கு உண்டு. ஆறவைத்துக் கொடுத்தால்?

மாப்பிள்ளை: தயவுசெய்து ஹோட்டலில் போய் இதைக் கேட்டுவிடாதீர்கள்.

மாமா: கேட்டாயிற்று. மெனு கார்டில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை. எம்.ஆர்.பி. என்று ஒன்று போட்டுத் தொலைத்தால் என்ன? கல்லாவில் நிற்கிற பையன் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறான். சரி, நீங்கள் எதற்குப் போடப் போகிறீர்கள்?

மாப்பிள்ளை: எனக்கு ஏது மாமா ஓட்டு? கிரீன் கார்டுதானே.

மாமா: வரி?

மாப்பிள்ளை: அது எல்லோருக்கும் உண்டு.

மாமா: டூரிஸ்ட் விசாவில் வந்த எனக்கு?

மாப்பிள்ளை: உங்களுக்கும்தான்.

மாமா: ஆக, ஓட்டே இல்லாத இரண்டு பேர் அரை மணி நேரமாக விவாதித்துக்கொண்டிருக்கிறோம். அப்போது இந்தப் புத்தகம் யாருக்கு வந்தது?

மாப்பிள்ளை: உங்கள் பெண்ணுக்கு. அவள்தான் சிட்டிசன். நேற்றே கவரில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பிவிட்டாள்.

மாமா: எதற்குப் போட்டாளாம்?

மாப்பிள்ளை: ரகசிய வாக்கெடுப்பு என்கிறாள்.

மாமா: உங்களுக்கு ரகசியம். அப்பாவிடம் சொல்வாள்.

மாப்பிள்ளை: உங்களிடம்தான் சொல்லவே கூடாதாம். பார்க் முழுக்கப் பரவிவிடுமாம்.