வாக்கர் நடந்தது தொட்டிக்குள்

(இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம். மகள் வீட்டுக்கு விசிட்டர் விசாவில் வந்திருக்கும் மாமா, ஊரில் கைத்தறிச் சங்கத்தில் கணக்கெழுதி ரிட்டையரானவர். மாப்பிள்ளைக்கு இன்று லீவு, அதாவது தப்பிக்க வழியில்லை.)

மாமா: மாப்பிள்ளை, பக்கத்து வீட்டுப் பார்சலை இங்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பேர் வாக்கராம். தெருமுனைக் கடைக்குக்கூட காரில் போகிற மனுஷனுக்கு வைத்த பேரைப் பாருங்க!

மாப்பிள்ளை: அது வாக்கிங் போகிற வாக்கர் இல்லை மாமா, துணி மிதிக்கிற வாக்கர். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு மணிக்கணக்கில் மிதிக்கிற ஆளுக்குப் பழைய இங்கிலீஷில் அதுதான் பேர்.

மாமா: துணியை எதற்கு மிதிக்கணும்? எங்க சங்கத்தில் சேலையை யாராவது மிதித்திருந்தால் நெசவாளி அவனை மிதித்திருப்பான்.

மாப்பிள்ளை: அது பருத்தி. இது ஆட்டு ரோமம். தறியிலிருந்து வரும்போது இழை விலகி சல்லடை மாதிரி இருக்கும், ஆட்டுக் கொழுப்பு வேறு பிசுபிசுக்கும். ஊறவைத்து மிதிக்க மிதிக்கத்தான் ரோமத்தில் இருக்கிற செதில்கள் ஒன்றோடொன்று சிக்கி, துணி சுருங்கி, மழை லேசில் இறங்காத அளவுக்குக் கெட்டியாகும்.

மாமா: தண்ணியில்தானே ஊறவைப்பார்கள்?

மாப்பிள்ளை: நீங்க முதலில் டீயைக் குடித்து முடிங்க.

மாமா: பரவாயில்லை, சொல்லுங்க.

மாப்பிள்ளை: மூத்திரம். நாள்பட்டது. அதில் இருக்கிற அம்மோனியாதான் கொழுப்பை எடுக்கும்.

மாமா: (டம்ளரைத் தள்ளி வைத்து) யாருடையது?

மாப்பிள்ளை: ஊர் மொத்தத்துடையதும்தான். ரோமாபுரியில் வெஸ்பாசியன் என்கிற பேரரசன் இதற்கு வரியே போட்டான். மகன் முகம் சுளித்ததும், வசூலான காசை அவன் மூக்குக்கு நேரே நீட்டி, நாறுதா என்று கேட்டானாம்.

மாமா: மெதுவாகப் பேசுங்க, ஜிஎஸ்டி கவுன்சில் காதில் விழப்போகுது.

மாப்பிள்ளை: அப்புறம் தண்ணீர் மில் வந்தது. சக்கரம் சுற்றினால் மரச் சுத்தியல் துணியை மொத்தும். இந்த ஊர் டெம்பிள் நியூசமில் நின்று போட்டோ எடுத்தோமே, அங்கே அப்படியொரு மில் இருந்ததாக டெம்பிளர்கள் என்கிற கிறிஸ்தவப் போர்வீரத் துறவிகள் 1185-ல் எடுத்த கணக்கிலேயே இருக்கிறது.

மாமா: மிதித்தவன் பிழைப்பில் மண்.

மாப்பிள்ளை: கால் வேலை போனது, பேர் நின்றுவிட்டது. 13, 14-ம் நூற்றாண்டுகளில் இந்த மாதிரித் தொழில் பேரெல்லாம் பரம்பரைப் பேராக ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் பேரன் கசாப்புக் கடை வைத்தாலும் அவன் வாக்கர்தான்.

மாமா: அப்போ என் சூட்கேஸில் இருக்கிற பாட்டிலில் ஒருத்தர் கைத்தடியோடு விறுவிறு என்று நடக்கிறாரே?

மாப்பிள்ளை: அது விளம்பரத்துக்காக 1908-ல் வரைந்த ஆள். நிஜமான ஜான் வாக்கர் ஸ்காட்லாந்தில் கில்மார்னக் என்கிற ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். இருங்க, எந்த சூட்கேஸ்?

மாமா: பேச்சை மாற்றாதீங்க. உங்க ஆபீஸில் ஃபுல்லர் என்று ஒரு பெண் இருக்கிறாளே, அவள் என்ன வகையறா?

மாப்பிள்ளை: அதே தொழில்தான். வடக்கே வாக்கர், தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டெவன் பக்கம் போனால் டக்கர். கொழுப்பை உறிஞ்சுவதற்கு ஒரு களிமண்ணும் சேர்ப்பார்கள். அது நாட்டை விட்டுப் போகக்கூடாது என்று ஏற்றுமதிக்கே தடை போட்டிருந்தார்கள். அத்தை முகத்தில் பூசுகிற முல்தானி மட்டி அதே வகை மண்தான்.

மாமா: அவள் வெறும் மண்ணை மட்டும்தானே பூசுகிறாள்?

மாப்பிள்ளை: மண்ணும் ரோஸ் வாட்டரும்தான் மாமா.

மாமா: அப்பாடா. ஆக, மூன்று பேரும் பங்காளிகள். பெண் கொடுத்துப் பெண் எடுக்க முடியாது.

மாப்பிள்ளை: தொழில்தான் ஒன்று, ரத்த சம்பந்தமே கிடையாது. நீங்க கேட்ட ஃபுல்லரே ஒரு வாக்கரைத்தான் கட்டியிருக்கிறாள். நடுவில் ஒரு கோடு போட்டு ரெண்டு பேரையும் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

மாமா: படித்த பெண், இப்படியா ரெண்டு தொட்டியில் கால் வைப்பாள்!