சாணக் குவியலையும் பாருங்கள்

நகரத்துக்கு அருகே குதிரைப் பண்ணைகள் சூழ்ந்த ஊரில் வீடு வாங்கச் சொல்லும் கட்டுரை ஒன்றைப் படித்தேன்; அது புல்வெளியை வர்ணித்த அளவுக்குச் சாணத்தைப் பற்றிப் பேசவில்லை. வளர்ந்த குதிரை ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 20 கிலோ சாணம் போடும். பக்கத்துப் பண்ணையில் பத்துக் குதிரைகள் என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குவியல் எங்கே இருக்கிறது, மழைநீர் அதைக் கடந்து எந்தப் பக்கம் ஓடுகிறது, உங்கள் கிணறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கிணற்று நீரில் நைட்ரேட்டும் (சாணத்திலிருந்து நீரில் கலக்கக்கூடிய உப்பு) கோலிஃபார்ம் கிருமியும் (கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டுவது) இருக்கின்றனவா என்று பரிசோதித்தே ஆக வேண்டும். கோடையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஈக்கள் தாமே வந்து அறிமுகம் செய்துகொள்ளும்.

பத்திரத்தில் குதிரைப் பாதைக்கு வழியுரிமை எழுதியிருந்தால், உங்கள் நிலத்தின் ஓரமாகப் பிறர் சவாரி போவதை வேலி போட்டுத் தடுக்க முடியாது. நீங்களே குதிரை வளர்க்க நினைத்தால், ஏக்கருக்கு எத்தனை என்ற உள்ளூர் விதியை எழுத்தில் வாங்குங்கள். தரகர் வாயால் சொல்வது எதற்கும் உதவாது.

இன்னொன்று: தோட்டத்தில் அழகுக்காக யூ (yew) என்ற நச்சு ஊசியிலை மரம் வைக்காதீர்கள். வெட்டிய கிளை வேலி தாண்டி விழுந்தால், அதைத் தின்னும் குதிரையின் உயிரே போய்விடும்.