முதலாண்டில் ஃபெயிலானால் எம்பிபிஎஸ் சீட் போய்விடுமா?

'எம்பிபிஎஸ் முதலாண்டில் ஒரு பாடம் போனாலே சீட்டை ரத்து செய்துவிடுவார்கள்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலர் பகிர்ந்தும் விட்டார்கள். பயத்தில் சொன்னதாக இருக்கலாம், ஆனால் விதி அப்படி இல்லை.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 இளநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகளின்படி, முதலாண்டுத் தேர்வுக்கு மொத்தம் 4 வாய்ப்புகள் உண்டு. அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றில் எதில் தவறினாலும் முதலில் வருவது துணைத்தேர்வு. அதிலும் போனால் அடுத்த பேட்ச்சோடு சேர்ந்து படிக்க வேண்டியிருக்கும். ஒரு வருடம் போகும், சீட் போகாது. முதலாண்டைத் தாண்டாமல் படிப்பின் அடுத்த கட்டத்துக்குள் நுழைய முடியாது என்பதும் உண்மைதான். வதந்தி ஒருவேளை இங்கிருந்து கிளம்பியிருக்கலாம்.

நான்காவது வாய்ப்பிலும் தேறாவிட்டால்தான் சீட்டுக்குச் சிக்கல். சேர்ந்த நாளிலிருந்து 9 ஆண்டுகளுக்குப் பிறகு படிப்பைத் தொடரவும் முடியாது. கோவிட் நேரத்தில் சேர்ந்த 2020-21 பேட்ச்சுக்கு மட்டும் ஒரேயொரு முறை சலுகையாக ஐந்தாவது வாய்ப்பு கொடுத்தார்கள்.

என்னை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். ஆணையத்தின் இணையதளத்தில் விதிமுறைகள் பகுதிக்குப் போய், 2023 ஜூனில் அரசிதழில் வந்த அந்த பிடிஎஃப்பை இறக்குங்கள். உள்ளே 'அட்டெம்ப்ட்ஸ்' (attempts) என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடினால் 4 வாய்ப்பும் 9 ஆண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கும். அப்புறம், துணைத்தேர்வு தேதிக்கு உங்கள் பல்கலைக்கழக அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.