இரண்டாவது பத்தி

ஒவ்வொரு ஆகஸ்டிலும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், 1945-இல் ஜப்பான் மேல் போட்ட அணுகுண்டின் காளான் மேகப் படம் ஒன்று வந்து விழும். இந்த முறை அனுப்பியவர் என் தங்கை மாப்பிள்ளை. படத்துக்குக் கீழே ஒரு வரி: 'இதைப் போடாமல் போர் முடிந்திருக்குமா?' நாலு பேர் கைகூப்பினார்கள், ஒருவர் அழுகிற பொம்மை போட்டார், அப்புறம் யாருக்கோ பிறந்தநாள் வந்துவிட்டது. அங்கே நீளமாக எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். அதனால் இங்கே.

மாப்பிள்ளை சும்மா கேட்கிற ஆள் இல்லை. அவருடைய தாத்தாவின் அண்ணன் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஜப்பான்காரர்கள் சயாம்–பர்மா ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனபோது அவரும் போனார். திரும்பவில்லை. காலராவா, பட்டினியா, எந்த முகாம், எதுவும் தெரியாது. 415 கிலோமீட்டர் பாதை அது. தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர் அங்கேயே மண்ணானார்கள். போர் இன்னும் நாலு மாதம் இழுத்திருந்தால் சீனாவிலும் பர்மாவிலும் இந்தோனேசியாவிலும் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று அவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. 'பாவம் ஜப்பான்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை.

ஆனால் அவர் கேள்வியில் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது. 'இதை' என்று ஒருமையில் கேட்கிறார். போட்டது இரண்டு.

நான் முப்பது வருடம் அலுவலகத்தில் கோப்பு புரட்டியவன். ஒரு ஆணை கைக்கு வந்தால் முதலில் கடைசிப் பத்தியைப் பார்ப்பேன், அப்புறம் கையெழுத்தை. அந்தப் பழக்கத்தில்தான், குண்டு போடச் சொல்லி அமெரிக்க ராணுவம் அனுப்பிய 1945 ஜூலை 25 தேதியிட்ட ஆணையைப் படித்தேன். ஒரே பக்கம், கொஞ்சம் கூட இருக்கலாம். வாய்மொழி உத்தரவை வைத்துக்கொண்டு இந்தக் காரியம் செய்யமாட்டேன், எழுத்தில் வேண்டும் என்று விமானப்படைத் தளபதி கார்ல் ஸ்பாட்ஸ் கேட்டதால் வந்தது. (எந்த அலுவலகத்திலும் விவரமான ஆள் இதைத்தான் கேட்பார்.) கையெழுத்து தாமஸ் ஹாண்டி. ராணுவத் தலைமைத் தளபதி மார்ஷல் அப்போது ஜெர்மனியில் போட்ஸ்டாம் மாநாட்டில் இருந்ததால் அவர் இடத்தில் இவர். போர்த்துறைச் செயலர், தலைமைத் தளபதி இருவரின் ஒப்புதலோடு என்று கடைசியில் போட்டிருக்கிறது. ஜனாதிபதி ட்ரூமனுக்குத் தெரியும், சம்மதமும் உண்டு. ஆனால் தாளில் அவர் கையெழுத்து இல்லை.

முதல் பத்தி: ஆகஸ்ட் 3-க்குப் பிறகு வானம் தெளிந்ததும் ஹிரோஷிமா, கொகுரா, நீகாட்டா, நாகசாகி இவற்றில் ஒன்றின் மேல் முதல் குண்டு. முதலில் கியோட்டோவும் பட்டியலில் இருந்தது. அந்த ஊரைப் பார்த்திருந்த போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் பிடிவாதமாக எடுக்கவைத்தார். கடைசி நேரத்தில் நாகசாகி உள்ளே வந்தது.

இரண்டாவது பத்தியைப் படித்தபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது. மேற்கொண்டு குண்டுகள் தயாராகத் தயாராக மேற்படி இலக்குகளில் போடப்படும் என்கிறது. அவ்வளவுதான். முதல் குண்டுக்கு ஜப்பான் என்ன பதில் சொல்கிறது என்று பார்த்துக்கொண்டு என்று இல்லை. மறுபடி கேட்டுக்கொண்டு என்று இல்லை. சரணடையச் சொல்லும் போட்ஸ்டாம் அறிக்கை வெளியானதே மறுநாள், 26-ஆம் தேதிதான்.

இந்த மாதிரி வரியை எனக்குத் தெரியும். ஒரு சாலை வேலைக்குப் புளியமரங்களை வெட்டச் சொல்லி ஒரு ஆணை வந்தது. 'எஞ்சிய பகுதியிலும் பணி தொடரப்படும்' என்று அதில் ஒரு வரி. சாலையின் ஒரு பக்கத்து மரங்களை வெட்டியதும் ஊரே கூடியது. அதிகாரியும் மனம் மாறினார். ஆனால் நிறுத்தச் சொல்லித் தனியாகக் கடிதம் போக வேண்டுமே! அது தட்டச்சாகி வருவதற்குள் எதிர்ப்பக்க மரங்களும் சாய்ந்துவிட்டன. ஆணையைத் தயாரித்த மேசை என்னுடையது. மரத்தையும் மனிதரையும் ஒப்பிடவில்லை. வேலை நடக்கிற விதம் அப்படி என்கிறேன்.

ஆகஸ்ட் 6 காலை 8.15-க்கு ஹிரோஷிமா. அந்த வருட முடிவுக்குள் அங்கே ஏறக்குறைய 1,40,000 பேர். இரண்டாவது குண்டுக்கு 11-ஆம் தேதி குறித்திருந்தார்கள். வானிலை கெடப்போகிறது என்று தகவல் வந்ததால் இரண்டு நாள் முன்னால் இழுத்தார்கள். ஜப்பான் என்ன சொல்லப்போகிறது என்பதல்ல, மழை வருமா என்பதுதான் அங்கே பேச்சு. விமானம் முதலில் போனது கொகுராவுக்கு. மேகமும் புகையும் மறைத்ததால் மூன்று முறை சுற்றியும் இலக்கு கண்ணில் படவில்லை. ஒரு பம்பு வேலை செய்யாததால் இருந்த பெட்ரோலையும் முழுதாகப் பயன்படுத்த முடியவில்லை. திரும்பி நாகசாகிக்குப் போனார்கள். 11.02-க்கு ஊராகாமி பள்ளத்தாக்கின் மேல் வெடித்தது. குறிவைத்த இடத்திலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தள்ளி. பக்கத்திலிருந்த மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவர்கள் இருந்தார்கள். வருட முடிவுக்குள் 70,000-க்கும் மேல்.

அதே காலை டோக்கியோவில் ஆறு பேர் கொண்ட போர்க்குழு உட்கார்ந்திருந்தது. சோவியத் யூனியன் போர் அறிவித்து மஞ்சூரியாவுக்குள் இறங்கிவிட்ட செய்தி வந்த கையோடு கூடிய கூட்டம். நடுவிலேயே நாகசாகி செய்தியும் வந்தது. எந்த நிபந்தனையோடு சரணடைவது என்பதில் அதற்கு முன்பும் மூன்றுக்கு மூன்று, அதற்குப் பின்பும் மூன்றுக்கு மூன்று. ஒரு வாக்குகூட மாறவில்லை. நள்ளிரவு தாண்டிப் பேரரசர்தான் முடித்துவைத்தார்.

ஹிரோஷிமா குண்டு அவர் மனதை அசைத்ததா, ஸ்டாலின் படை அசைத்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டும் சேர்ந்துதான் என்பது என் எண்ணம். பேரரசர் பதவியில் நீடிக்கலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் குண்டே வேண்டியிருக்காது என்கிறவர்களும் உண்டு. கடைசியில் அவரை விட்டுத்தானே வைத்தார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்த ஆறு பேரில் மூன்று பேருக்கு அது மட்டும் போதவில்லை.

போர் முடிந்த பிறகு, 1947-இல் ஸ்டிம்சன் ஒரு பத்திரிகையில் நீண்ட கட்டுரை எழுதினார். எல்லாவற்றையும் நிதானமாக எடைபோட்டு எடுத்த 'முடிவு' என்கிற சித்திரம் ஊரெங்கும் பரவியது அதிலிருந்துதான். ஜப்பானுக்குள் படையெடுத்திருந்தால் அமெரிக்கப் படையில் மட்டும் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாகப் பத்து லட்சம் பேர் என்கிற கணக்கும் அதில்தான். நாகசாகிக்கென்று தனியாக அப்படி ஒரு எடைபோடல் நடந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

ட்ரூமன் உட்கார்ந்து யோசித்தது நாகசாகிக்கு மறுநாள், ஆகஸ்ட் 10. இனிமேல் என் அனுமதி இல்லாமல் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். இன்னும் ஒரு லட்சம் பேரை, அதுவும் குழந்தைகளை, அழிப்பது தாங்க முடியவில்லை என்று அவர் மந்திரிசபையில் சொன்னதாக அமைச்சர் ஹென்றி வாலஸின் நாட்குறிப்பில் இருக்கிறது. அதே நாளில், அடுத்த குண்டு 17 அல்லது 18-க்குப் பிறகு தயார் என்று அணுகுண்டுத் திட்டத்தை நடத்திய தளபதி குரோவ்ஸ் மார்ஷலுக்குக் குறிப்பு அனுப்பியிருந்தார். ஜனாதிபதியின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஜப்பான் மேல் போடக்கூடாது என்று மார்ஷல் அந்தத் தாளிலேயே கையால் எழுதினார்.

ஒரே ஒரு வரி. தட்டச்சுகூடத் தேவைப்படவில்லை.

மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை தங்கையோடு வீட்டுக்கு வாருங்கள். ஹிரோஷிமாவுக்கு உங்கள் கட்சியில் கொஞ்ச தூரம் வரத் தயார், சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடலாம். நாகசாகிக்கு வரமாட்டேன்.