கவர் மேல் நாலு வரி எழுதுங்கள்

என் மேசை இழுப்பறையில் இருபதுக்கும் மேல் சின்னச் சின்னக் கவர்கள் கிடக்கின்றன. எல்லாம் தோட்டம் போடும் நண்பர்கள் ஆசையோடு கொடுத்த விதைகள். போன ஞாயிற்றுக்கிழமை அத்தனையையும் எடுத்துப் பரப்பி வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் கவர்களில் ஒன்றுமே எழுதியில்லை. நான்கைந்தில் 'பூசணி', 'மிளகாய்' என்று மட்டும் இருந்தது. கொடுத்தவர்களின் முகம் நினைவுக்கு வருகிறது. செடிக்குப் பக்கத்தில் நின்று அவர்கள் பேசியதுகூட நினைவிருக்கிறது. ஆனால் எந்த வருடம் எடுத்த விதை, என்ன ரகம், பக்கத்தில் வேறென்ன பூத்திருந்தது என்று எதுவும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. நானும் வருடக்கணக்காக அப்படித்தான் கொடுத்து வந்திருக்கிறேன்.

தோட்டக்காரர்கள் விதையும் செடியும் மாற்றிக்கொள்வதைப் போல நல்ல பழக்கம் வேறு இல்லை என்று நம்புகிறவன் நான். என் தொட்டிகளில் இருப்பவற்றில் காசு கொடுத்து வாங்கியவை குறைவு. ஆனால் நாம் விதையைக் கொடுக்கிற அளவுக்கு அதைப் பற்றித் தெரிந்ததைக் கொடுப்பதில்லை. அது இல்லாமல் போகும் விதை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

பிலியா என்ற செடியைப் பலர் வீட்டுக்குள் வளர்க்கிறீர்கள். காசு போல வட்டமான இலை, இலையின் நடுவில் காம்பு. சீனாவின் தென்மேற்குப் பகுதிச் செடி அது. 1940-களில் ஆக்னர் எஸ்பெக்ரென் என்ற நார்வே நாட்டுப் பாதிரியார் சீனாவை விட்டுக் கிளம்பியபோது இதை எடுத்துவந்தார். 1946-ல் நார்வே போய்ச் சேர்ந்த பிறகு, பழகியவர்களுக்கெல்லாம் அதன் பக்கக் கன்றுகளைப் பிடுங்கிப் பிடுங்கிக் கொடுத்தார். வாங்கியவர்கள் அடுத்தவர்களுக்குக் கொடுத்தார்கள். கடைக்கே போகாமல், கைக்குக் கை மாறியே ஸ்காண்டிநேவியா முழுக்கப் பரவி, அங்கிருந்து பிரிட்டன் வரைக்கும் அந்தச் செடி வந்துவிட்டது. அப்போதும் அது என்ன செடி என்று யாருக்கும் தெரியாது. 1970-களில் லண்டனில் உள்ள கியூ தாவரவியல் தோட்டத்துக்கு மக்கள் இலையை அனுப்பிப் பெயர் கேட்டார்கள். வெறும் இலையை வைத்து அவர்களாலும் சொல்ல முடியவில்லை. 1978-ல் பூவோடு ஒரு மாதிரி வந்த பிறகுதான் பெயரைக் கண்டுபிடித்தார்கள். பாதிரியார் கதை வெளியே வந்தது அதற்கும் பிறகு.

இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் சந்தோஷமும் வருத்தமும் வரும். ஒரு மனிதர் கையால் கொடுத்த கன்றுகள் முப்பது வருடத்தில் எத்தனையோ வீட்டு ஜன்னல்களில் உட்கார்ந்துவிட்டன. பணமோ விளம்பரமோ இல்லாமல் இது நடந்திருக்கிறது. ஆனால் செடி போன இடத்துக்கெல்லாம் அதன் ஊரும் பெயரும் கூடவே போகவில்லை. முதல் தொட்டியில் ஒரு சீட்டு செருகி, அடுத்தடுத்து வாங்கியவர்களும் அதை எழுதி வைத்திருந்தால் இத்தனை வருடத் தேடல் தேவைப்பட்டிருக்காது.

சரி, அழகுக்கு வளர்க்கும் செடிக்குப் பெயர் தொலைந்தால் பெரிய நஷ்டமில்லை என்று சொல்லலாம். சாப்பிடும் செடிகளில் அப்படி இல்லை.

தக்காளி, பீன்ஸ், பட்டாணி எல்லாம் பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்து காய்ப்பவை. பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் விதை அநேகமாக அதே ரகமாகவே வரும். அதனால் புதிதாக விதை எடுக்கப் பழகுபவர்களிடம் நான் முதலில் தக்காளியைத்தான் சொல்வேன். பூசணிக் குடும்பம் வேறு மாதிரி. தேனீ ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு ரகங்கள் அருகருகே பூத்தால் விதைக்குள் கலப்பு நடந்துவிடும். காயைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த விதையைப் போட்டு அடுத்த முறை காய்க்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். இதில் ஆபத்தும் உண்டு. சுக்கினியும் (வெள்ளரி போல நீளமாக இருக்கும் பூசணி வகை) அழகுக்காக வளர்க்கும் சின்னச் சுரை வகைகள் பலவும் ஒரே இனம். இரண்டும் கலந்தால் குக்குர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு காயில் ஏறிவிடலாம். சமைத்தாலும் அது போகாது. 2015-ல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தே போனார். ஆகவே இந்தக் குடும்பத்தில் வழக்கமாகக் கசக்காத ஒரு காய் கசந்தால் உடனே துப்பிவிடுங்கள், மொத்தக் காயையும் தூக்கிப் போடுங்கள். விதை கொடுக்கும்போது "பக்கத்தில் வேறு ரகம் இருந்தது, கலந்திருக்கலாம்" என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி உங்களுக்கு அரை நிமிட வேலை. வாங்குபவருக்கு அது எத்தனை முக்கியம் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஹைப்ரிட், அதாவது இரண்டு ரகங்களைச் சேர்த்து உண்டாக்கிய விதை, விஷயமும் இப்படித்தான். முதல் தலைமுறை ஹைப்ரிட் என்பதற்கு அடையாளமாக எஃப்1 என்று போட்டிருக்கும் பாக்கெட்டிலிருந்து வளர்ந்த செடி ஒரே சீராக, கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அதன் பழத்திலிருந்து எடுத்த விதையைப் போட்டால் பிள்ளைகள் ஆளுக்கொரு மாதிரி வரும். மரபியலின் முன்னோடி மெண்டல் 1866-ல் பட்டாணியை வைத்து எழுதியது இதைத்தான். முதல் தலைமுறையில் ஒளிந்திருந்த குணம் இரண்டாம் தலைமுறையில் பிரிந்து வெளியே வருகிறது. ஹைப்ரிட்டின் விதையைக் கொடுப்பது தப்பே இல்லை. அதிலிருந்து நல்ல செடியும் கிடைக்கலாம். ஆனால் அது ஹைப்ரிட்டிலிருந்து எடுத்தது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால், ஒருவர் மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்து, கடைசியில் தன் கையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துத் தோட்டத்தையே விட்டுவிடுவார். அப்படி விட்டவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் தேதி. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. விதைக்கும் ஆயுள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அளவு. வெங்காய விதை ஓரிரு வருடத்தில் முளைப்பை இழக்கத் தொடங்கிவிடும். தக்காளி நான்கைந்து வருடம் தாங்கும், வெள்ளரியும் அப்படித்தான். விதையில் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே என்று ஹாரிங்டன் என்ற விதை அறிவியலாளர் கணக்குச் சொன்னார். நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில், குளிர்ச்சியான இடத்தில் வைப்பது எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து தெரியும். பழைய விதையைக் கொடுப்பதானால் முதலில் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். நான்கு முளைத்தால் "பத்துக்கு நான்கு" என்று கவரில் எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர் கொஞ்சம் அதிகமாகப் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

ஆக நான் கேட்பது நாலு வரி. என்ன செடி, என்ன ரகம் (தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுதலாம்). எந்த வருடம், எந்த மாதம் எடுத்தது. கலப்புக்கு வாய்ப்பு உண்டா. யாரிடமிருந்து உங்களுக்கு வந்தது. கடைசி வரியைப் பலர் தேவையில்லாதது என்று நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் டயான் ஆட் வீலி என்பவருக்கு அவருடைய தாத்தா ஊதா நிறப் பூப்பூக்கும் ஒரு கொடியின் விதையையும் ஒரு தக்காளி விதையையும் கொடுத்தார். அவருடைய முன்னோர்கள் பவேரியாவிலிருந்து குடிபெயர்ந்தபோது கொண்டுவந்த விதைகள் அவை. எங்கிருந்து வந்தவை என்று தெரிந்ததால்தான் அவை தொலையக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. 1975-ல் அவரும் கணவரும் தொடங்கிய விதைப் பரிமாற்ற அமைப்பு இன்றைக்கும் நடக்கிறது. அந்தப் பூ இன்றும் தாத்தாவின் பெயரிலேயே பல தோட்டங்களில் பூக்கிறது.

செடியாகவும் தண்டாகவும் கொடுக்கும்போது இன்னொரு பொறுப்பும் சேர்ந்துகொள்கிறது. ஒருமுறை நண்பர் ஒருவர் தொட்டியோடு ஒரு செடி கொடுத்தார். வந்த அன்றே ஆசையில் மற்ற செடிகளுக்கு நடுவில் வைத்தேன், மிச்சமிருந்த மண்ணையும் வேறு தொட்டியில் கொட்டினேன். இரண்டு மாதம் கழித்து என் தக்காளிகள் பகலில் வாடி, சாயங்காலம் நிமிர்ந்து, மறுநாள் மறுபடி வாடின. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது. வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத புழு, மண்ணோடு வந்துவிடும். ஒரு முறை வந்துவிட்டால் முழுவதும் விரட்டுவது மிகக் கடினம். அந்தத் தொட்டிகளின் மண் மொத்தத்தையும் நான் ஒதுக்க வேண்டியதாயிற்று. நண்பருக்கு அது தெரியவே தெரியாது, அவர் நல்ல மனதோடுதான் கொடுத்தார். அன்றிலிருந்து யாருக்குக் கொடுத்தாலும் முடிந்தவரை மண்ணில்லாமல், தண்டாகவோ விதையாகவோ கொடுக்கிறேன். யார் கொடுத்தாலும் இரண்டு மூன்று வாரம் தனியே வைத்து, இலைக்கு அடியிலும் காம்பு இடுக்கிலும் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்கிறேன். வெட்டும் கத்தியை ஒவ்வொரு செடிக்கும் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். புகையிலைத் தேமல் வைரஸ் கையிலும் கத்தியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விடும்.

கட்டுப்பாடில்லாமல் பரவும் செடிகளைக் கொடுப்பதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதம் இல்லை. ஆகாயத்தாமரையும் உண்ணிச்செடியும் பூ அழகாக இருக்கிறது என்று மனிதர்கள் கொண்டுபோய்ச் சேர்த்த இடங்களில்தான் குளங்களையும் காடுகளையும் மூடின. அதுபோலவே நாடு தாண்டித் தபாலில் விதை அனுப்புவதற்கு முன்னால் அந்தந்த நாட்டு விதியைக் கேட்டுவிடுங்கள். 2020-ல் யாருமே கேட்காத விதைப் பாக்கெட்டுகள் அமெரிக்காவிலும் வேறு நாடுகளிலும் பலர் வீட்டுக்குத் தபாலில் வந்தபோது, அவற்றை விதைக்க வேண்டாம் என்று அரசுகளே எச்சரித்தன. பெயர் தெரியாத ஒரு விதைக்குள் என்ன நோய், என்ன களை வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவு சொல்வதால் கொடுக்கவே தயங்கிவிடாதீர்கள். நான் வேண்டுவது அதற்கு நேர் எதிர். "இதைத் தர்றேன், பதிலுக்கு நீங்க என்ன தர்றீங்க?" என்று கணக்குப் பார்ப்பது எனக்கு மனதுக்கு ஒவ்வவே இல்லை. புதிதாக ஆரம்பிப்பவரிடம் கொடுக்க என்ன இருக்கும்? ஒரு செடியும் இல்லாததால்தானே அவர் கேட்கவே வருகிறார். அவரிடம் ஈடு கேட்டால் அவர் வாசலோடு திரும்பிவிடுவார். அவர் திருப்பித் தர வேண்டியது ஒன்றுதான்: செடி எப்படி வந்தது என்ற செய்தி. முளைத்ததா, எத்தனை நாளில், எப்படிக் காய்த்தது. அதை வைத்துத்தான் என் விதையைப் பற்றி எனக்கே தெரியவருகிறது.

அப்புறம், கொடுத்த விதைதான் பத்திரமாக இருக்கிறது. இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். என்னிடம் கருப்புப் புள்ளி போட்ட ஒரு பீன்ஸ் ரகம் எட்டு வருடமாக இருந்தது. ஒரு வருடம் விடாத மழையில் காய்கள் கொடியிலேயே அழுகின. வைத்திருந்த டப்பா விதையையும் வண்டு அரித்துவிட்டது. போயே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கைப்பிடி வாங்கிப்போன ஒரு அக்கா, விஷயம் கேள்விப்பட்டு ஒரு கவர் நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கவரில் தேதி இருந்தது. "உங்களிடம் வாங்கியதன் மூன்றாம் தலைமுறை" என்றும் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு எனக்குச் சிறிது நேரம் பேச்சே வரவில்லை.

பெரிய அளவிலும் இதுவே நடந்திருக்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்டில் பனிமலைக்குள் 2008-ல் உலக விதைப் பெட்டகம் திறந்தார்கள். சிரியாவின் அலெப்போவுக்கு அருகில் இருந்த இக்கார்டா விதை வங்கி, போருக்கு முன்பும் போர் தொடங்கிய பிறகும் தன் விதைகளின் நகல்களை அங்கே அனுப்பி வைத்திருந்தது. போரால் அலெப்போ விதை வங்கியில் வேலை செய்ய முடியாமல் போனதும், 2015-ல் அந்தப் பெட்டகத்திலிருந்து முதன்முதலாக விதையைத் திரும்பக் கேட்டவர்கள் அவர்கள்தான். சுமார் 38,000 மாதிரிகள் திரும்பின. லெபனானிலும் மொராக்கோவிலும் அவற்றை விதைத்துப் பெருக்கி, 2017-ல் மறுபடி பெட்டகத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் அது எது என்று எழுதியிருந்ததால்தான் இத்தனையும் முடிந்தது.

என் இழுப்பறையில் பெயரில்லாமல் இருந்த கவர்களை நான் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொன்றிலும் ஐந்து விதை எடுத்துத் தனித்தனித் தொட்டியில் போட்டு, எண் எழுதிய குச்சி செருகியிருக்கிறேன். வளர வளரப் படம் போடுகிறேன். யாராவது தங்கள் செடியை அடையாளம் கண்டால் சொல்லுங்கள்.

பகிர்வதற்கு இப்போது என்னிடம் இருப்பவை: புள்ளி பீன்ஸ், சென்ற மாதம் எடுத்தது, பத்துக்கு ஒன்பது முளைக்கிறது, அக்கா வழியாக வந்த நான்காம் தலைமுறை. சிவப்புச் செர்ரி தக்காளி, இந்த வருடத்தது, ஹைப்ரிட் இல்லை, விதையைச் சுற்றியிருக்கும் ஜெல்லை மூன்று நாள் புளிக்க வைத்துக் கழுவியது. மஞ்சள் பூசணி, போன வருடத்தது, பத்தடி தள்ளி இன்னொரு பூசணி ரகமும் பூத்திருந்தது, அதனால் கலந்திருக்கலாம். வேண்டியவர்கள் கீழே சொல்லுங்கள். பதிலுக்கு எதுவும் தர வேண்டாம், முளைத்த பிறகு ஒரு வார்த்தை எழுதுங்கள்.