3,000 ரூபாய் ஜாஸ்தியாம்!

அந்த ஹால் போட்டோவைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். பாளையங்கோட்டையில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு வந்தவர்களுக்கும், அப்புறம் நடந்த கமெண்ட் சண்டையைப் பார்த்தவர்களுக்கும் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். தெரியாதவர்களுக்கு: அங்கே ஒரு பையன் வரைந்து விற்பனைக்கு வைத்திருந்த படத்தை, விலை ஜாஸ்தி என்று வாங்காமல் ஒருவர் செல்போனில் எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தன் வீட்டு ஹாலில் மாட்டி, அந்த ஹாலைப் போட்டோ எடுத்துப் பதிவும் போட்டார். தேட வேண்டாம், பதிவை நீக்கிவிட்டார். ஆனால் அந்தப் பையனை "ஓவர் பில்டப்" என்றும், "ஒரு போட்டோ எடுத்ததுக்கா இந்த ஆட்டம் ஆடுதான்" என்றும் நக்கலடித்த அண்ணாச்சிமாரில் பாதிப்பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

அந்தப் படத்தை நான் கிட்டே நின்று பார்த்தேன். குறுக்குத்துறை முருகன் கோயில், தாமிரபரணி ஆற்றில் வெள்ளம். முன்பக்கம் படகு மூக்கு போலக் கூம்பி நிற்குமே, அதில் மோதித் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து போகிற இடத்தில் அவன் வண்ணமே வைக்கவில்லை. காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டிருக்கிறான். நுரை அதுதான். நீர்வண்ணத்தில் தப்பாக ஒரு சொட்டு விழுந்துவிட்டால் மேலே வெள்ளை பூசி மறைத்தால் தனியாகத் தெரியும். பல நேரம் தாளைத் தூரப் போட்டுவிட்டு முதலிலிருந்து வரைய வேண்டியதுதான். அதைச் செல்போனில் எடுத்துப் பிரிண்ட் கடையில் கொடுத்து நாலடிக்கு அடித்தால் என்ன ஆகும்? வெள்ளை பழுப்பாகிவிட்டது. கண்காட்சி அரங்கத்து ட்யூப்லைட் கண்ணாடியில் விழுந்து, கோபுரத்துக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடாக நிற்கிறது. அதையும் சேர்த்தே அடித்திருக்கிறார்கள்! வலது மூலையில் இருந்த கையெழுத்து பாதி வெட்டுப்பட்டு, ஒரு சுழி மட்டும் மிச்சம்.

"வரைஞ்சவங்க பேரையாவது போட்டிருக்கலாமே அண்ணாச்சி" என்று அவன் கேட்டது ஒரே வரி. அதற்குத்தான் அத்தனை சிரிப்புப் பொம்மைகள்.

அசலின் விலை 3,000 ரூபாய். அந்த ஹாலில் இருக்கிற ஃபால்ஸ் சீலிங்குக்கும், அதற்குள் ஓடுகிற எல்இடி பட்டிக்கும் எவ்வளவு ஆகியிருக்கும் என்று வீடு கட்டிய எல்லாருக்கும் தெரியும். சீலிங் போட்டவரிடம் யாரும் "ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வருவதில்லை. இருக்கிற காசில் ஒரே ஒரு படம், ஒரு மனுஷன் கையால் வரைந்தது, வாங்கி மாட்டுங்கள் என்கிறேன். இவ்வளவுதான் என் வாதம். இதற்கு ஏன் இத்தனை கோபம் வருகிறது என்று எனக்குப் புரியவே இல்லை.

"லோன் கட்டவே முழி பிதுங்குது, இதுல படம் ஒண்ணுதான் கொறச்சல்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயம். இந்தப் பதிவு உங்களுக்கு இல்லை. கிரானைட்டில் பெயர் வெட்டி வாசலில் பதித்தவர்களுக்கு.

"நமக்கு ஓவியத்தைப் பத்தி என்ன தெரியும்" என்கிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. நம் திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்துக்குள் ஏறினால் நிலைக்கு நிலை சுவரெல்லாம் ஓவியம், நாயக்கர் காலத்தது. கிருஷ்ணாபுரம் கோயில் சிலைகளைக் காட்டுவதற்கு வெளியூர்ச் சம்பந்தி வந்தால் கார் பிடித்துக் கூட்டிப் போகிறீர்கள். அங்கே போய் "எங்க ஊர் கலை" என்று மார்தட்டத் தெரிகிறது. பக்கத்துத் தெருப் பையன் விலை சொன்னால் மட்டும் ஒன்றும் தெரியாமல் போய்விடுமா?

எனக்கும் ஒன்றும் தெரியாதுதான். நான் முதலில் வாங்கியது ஒரு லினோகட், கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் செய்தது. லினோலியம் தகட்டில் உளியால் செதுக்கி, மை உருட்டி, தாளில் அழுத்தி எடுப்பார்கள். படத்துக்குக் கீழே பென்சிலால் 7/20 என்று இருந்தது. இருபது எடுத்ததில் ஏழாவது. அச்சுதான் என்றாலும் ஒவ்வொன்றையும் ஓவியரே கையால் எடுத்து, எண் போட்டு, கையெழுத்துப் போடுவதால் அது அசல். ஒன்றுக்கு மேல் இருப்பதால் விலையும் கம்மி. இரண்டு தவணையாகக் கொடுத்தேன், அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. பத்தமடையில் பாய்க்குக் கோரை கிழிக்கிற ஒரு ஆச்சியின் கைகள், அவ்வளவுதான் படம். "முகத்தை எங்க?" என்று என் வீட்டம்மா அன்றைக்குக் கேட்டாள். இன்றைக்கும் வருகிறவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். ஆனால் வந்தவர்கள் எழுந்து போய் ஒரு நிமிஷமாவது அந்தக் கைகளைப் பார்க்கிறார்கள். வாஸ்துவுக்காக மாட்டுகிற, கிழக்குப் பார்த்து ஓடுகிற ஏழு குதிரைகளை யாராவது எழுந்து போய்ப் பார்த்திருக்கிறார்களா? எதிர்வீட்டிலும் அதே ஏழு குதிரைதானே.

பிரேம் போடும்போது ஒன்று கவனியுங்கள். கண்ணாடி நேரே தாளில் படக்கூடாது, ஈரம் கோத்தால் ஒட்டிக்கொள்ளும். நடுவில் மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வருகிற அட்டை, வைக்கச் சொல்லுங்கள். மேற்கு வெயில் விழுகிற சுவர் வேண்டாம், நம் ஊர் வெயிலுக்கு நீர்வண்ணம் வெளுத்துப்போகும்.

அடுத்து ஒரு அறிவாளி, "கொண்டையராஜு காலண்டர் மட்டும் என்ன அசலா? அதைத்தானே நம்ம தாத்தா எல்லாம் பிரேம் போட்டுக் கும்பிட்டாங்க" என்று மடக்கினார். கேட்க வேண்டிய கேள்விதான், மறுக்கவில்லை. நாடகத்துக்குத் திரை எழுத வந்து, கம்பெனி கலைந்த பிறகு கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டவர் கொண்டையராஜு. (கோவில்பட்டி அப்போது நம் திருநெல்வேலி ஜில்லா, 1986இல்தான் தூத்துக்குடி தனியாகப் பிரிந்தது.) அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி நாடு முழுக்கப் போயின. ஆனால் அச்சாபீஸ்காரன் காசு கொடுத்து வாங்கி அச்சடித்தான். லட்சுமியின் காலடியில் மூலையில் ஓவியர் பெயர் இருந்தது. பூஜையறையில் கும்பிட்டவனுக்கும் அந்தப் பெயர் தெரிந்தது. நீங்கள் மூலையையே வெட்டிவிட்டீர்களே ஐயா!

சட்டம் பேச வரவில்லை. பேசினால், வரைந்து விற்ற படத்தைக் காசு கொடுத்து வாங்கினவருக்கே, ஓவியர் எழுதிக் கொடுக்காத வரை, பதிப்புரிமை கிடையாது. 1957ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அது கிடக்கட்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று கேட்டால், என் சித்தப்பா திருநெல்வேலி டவுணில் கடை போர்டு எழுதினவர். சுண்ணாம்பு நூலை இழுத்துச் சுண்டிவிட்டுக் கோடு போட்டு, எனாமலில் எழுத்து எழுதி, நிழல் கொடுத்து முடித்ததும், பொடி பிரஷ்ஷை எடுத்துக் கீழே மூலையில் தன் பெயரையும் 'ஆர்ட்ஸ், டவுண்' என்பதையும் எழுதுவார். அதை எழுதும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொள்வார். ஃப்ளெக்ஸ் வந்தது. ஒரே ராத்திரியில் அடித்துக் காலையில் கட்டிவிடுகிறான், இவர் எழுதினால் ரெண்டு நாள். யாரைக் குற்றம் சொல்ல? வண்டி நம்பர் எழுதிப் பிழைத்தார். 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிக்கெல்லாம் கம்பெனித் தகடுதான் என்றாகி, அதுவும் போச்சு. நம் ஊரில் யாரும் அவரை அடித்து விரட்டவில்லை. எல்லாரும் நல்லவர்கள். "நீங்க எழுதுனா அழகா இருக்கும், ஆனா ரேட்டு கட்டுப்படியாகல அண்ணாச்சி" என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார்கள், அவ்வளவுதான். அதே மரியாதையான குரலைத்தான் அந்தக் கமெண்டுகளிலும் பார்த்தேன். "தம்பி, திறமை இருக்கு, ஆனா காசு காசுன்னு அலையாதே." காசு காசென்று அலையாமல் அவன் எதைத் தின்பான்? திறமையையா?

"அப்போ நீரே அதை வாங்க வேண்டியதுதான வே" என்று கேட்பீர்கள் என்று தெரியும். இந்த வருஷம் என்னால் ஆனதை வாங்கிவிட்டேன். ஊரில் இருக்கிற எல்லா ஓவியத்தையும் நானே வாங்கி மாட்டுவதற்கு என் வீட்டில் சுவர் கிடையாது. உங்கள் வீட்டில் இருக்கிறது, போட்டோவில் பார்த்தேன்.

கமெண்டில் ஏழு குதிரைப் படத்தைப் போட்டு "இது நல்லால்லையா?" என்று கேட்கிறவர்களைப் பிளாக் செய்வேன். என் மச்சினனையே செய்தாகிவிட்டது. அதற்கு வீட்டில் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது.