விற்பனை வரி கலிபோர்னியா சமன்பாட்டு வாரியத்தின் கையில் இல்லை
"கலிபோர்னியா சமன்பாட்டு வாரியத்துக்கு இவரைத் தேர்ந்தெடுத்தால் விற்பனை வரி குறையும், அவர் வந்தால் வீட்டு வரி ஏறும்" என்று ஒரு பதிவில் எழுதியிருப்பது தவறு. இதை நம்பி ஓட்டுப் போட்டால் ஓட்டு வீண். சமன்பாட்டு வாரியம் (Board of Equalization) என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் வரி அமைப்பு.

விற்பனை வரி, பெட்ரோல் வரி வசூல் 2017 ஜூலையிலேயே தனித் துறைக்குப் போய்விட்டது. வரி மேல்முறையீடுகளை 2018 முதல் வேறொரு அலுவலகம் விசாரிக்கிறது. மாநில விற்பனை வரி விகிதத்தை முடிவு செய்வது சட்டமன்றம். வீட்டு வரிக்கு 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆவது முன்மொழிவே (Proposition 13) வரம்பு: அடிப்படை விகிதம் 1%, வரிக்காகக் கணக்கிடும் மதிப்பின் உயர்வு ஆண்டுக்கு அதிகபட்சம் 2%. உங்கள் வீட்டை மதிப்பிடுவது கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மதிப்பீட்டாளர். அதில் தகராறு என்றால் கவுண்டியில்தான் முறையிட வேண்டும்.

வாரியத்திடம் மிஞ்சியிருப்பது சின்ன வேலையல்ல. ரயில்வே, மின்சார, தொலைபேசி நிறுவனங்களின் சொத்தை ஆண்டுதோறும் அதுவே மதிப்பிடுகிறது. அந்தச் சொத்துக்கு 2% வரம்பு கிடையாது, சந்தை மதிப்புதான் கணக்கு. அதைக் குறைத்துப் போட்டால் பள்ளிகளுக்கும் கவுண்டிகளுக்கும் வருமானம் குறையும். கவுண்டி மதிப்பீட்டாளர்களின் நடைமுறையைத் தணிக்கை செய்வதும் அதன் பொறுப்பு.

ஆகவே வேட்பாளர்களை ஒப்பிடும்போது சொத்து மதிப்பீட்டிலோ வரிச் சட்டத்திலோ யாருக்கு அனுபவம் உண்டு, யாருக்கு அந்த நிறுவனங்களிடமிருந்து நன்கொடை வந்திருக்கிறது என்று பாருங்கள். நன்கொடைக் கணக்கு மாநிலச் செயலாளரின் இணையதளத்தில் பொதுவில் இருக்கிறது. வாரியத் தலைவராக வருபவர் வருமான வரியைக் கவனிக்கும் மூவர் குழுவிலும் உட்காருவார். அதனால் இந்தத் தேர்வை அலட்சியமாக விட வேண்டாம்.